கெமிக்கல் இன்ஜினியரிங், நானோ ஆராய்ச்சி, ஆசிரியப் பணி: கொங்குப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

கொங்குப் பகுதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் 22 ஆண்டுகளாகக் கெமிக்கல் இன்ஜினியரிங் சொல்லித் தருகிறேன். கூடவே நானோ பொருட்களில் ஆராய்ச்சியும் நடக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், பி.டெக். கடைசி ஆண்டில் அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பவர்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு துறைக்கு நேரில் வரும் அப்பா அம்மாக்கள் என எல்லோரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

கெமிக்கல் இன்ஜினியரிங் என்றால் கெமிஸ்ட்ரிதானே? எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தால் போதாதா?

இரண்டும் பக்கத்துத் தோட்டங்கள். ஆனால் வேலை வேறு. பீக்கரில் 100 மில்லி கரைசலில் ஒரு வினையை நடத்திக் காட்டுவது வேதியியல். அதே வினையை 10,000 லிட்டர் தொட்டியில், தினமும், நஷ்டம் வராமல், யாருக்கும் காயம் படாமல் நடத்துவது எங்கள் வேலை.

பெரிதாக்கினால் என்ன மாறிவிடும் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒரு பாத்திரத்தின் நீள அகல உயரத்தைப் பத்து மடங்காக்குங்கள். கொள்ளளவு 1,000 மடங்காகும், சுவரின் பரப்பு 100 மடங்குதான் கூடும். உள்ளே உண்டாகும் வெப்பம் கொள்ளளவைப் பொறுத்தது, அது வெளியேறும் வழியோ சுவர்தான். அதாவது ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் சுவர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பீக்கரில் வெதுவெதுப்பாக இருந்த வினை தொட்டியில் கொதித்து வெடிப்பது இதனால்தான்.

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்புப் பாலைக் கொப்பரையில் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பூரில் சாயக்கழிவின் உப்புநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே ஒரு கலத்தில் எழும் நீராவியை வீணாக்காமல் அடுத்த கலத்தைச் சூடாக்கப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆவியாக்குதல், உலர்த்துதல், வடிகட்டுதல், காய்ச்சி வடித்தல் ஆகியவை எந்தத் தொழிற்சாலையிலும் திரும்பத் திரும்ப வருகின்றன, அவற்றைத் தனித்தனியாகப் படித்தால் போதும் என்று ஆர்தர் டி. லிட்டில் 1915-இல் சொன்னார். எங்கள் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு இன்றைக்கும் அதுதான். ஆத்தூர் சேகோ ஆலையில் சவ்வரிசி காயும் களத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உலர்த்துதல் பாடம் பாதி தெரிந்த மாதிரிதான்.

அதில் நானோ எங்கே வருகிறது?

ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கனசதுரக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துண்டுகளாக வெட்டிக்கொண்டே போனால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டராகும். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். சுண்டுவிரல் நுனியில் நிற்கும் கட்டிக்குள் ஒன்றரை ஏக்கர் பூமி! அழுக்கைப் பிடிப்பதும் வினையை வேகப்படுத்துவதும் மேற்பரப்பில்தான் நடக்கின்றன. ஆகவே நானோ பொருள் என்பது எங்களுக்கு முதலில் ஒரு பரப்பளவுக் கணக்கு.

அப்புறம்தான் மற்ற விந்தைகள். தங்கம் நானோ அளவில் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே அந்தச் சிவப்புக் கரைசலைத் தயாரித்து ஆராய்ந்தார். துகளின் அளவை மாற்றினாலே ஒளிரும் நிறம் மாறுகிற குவாண்டம் புள்ளிகளுக்கு 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. உள்ளுக்குள் ஒழுங்கான துளைகள் கொண்ட உலோக-கரிமக் கட்டமைப்புகளுக்கு 2025-இல்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். காங்கயம் பக்கம் தேங்காய்த் தொட்டியைக் கரியாக்கி, அந்தத் தொட்டிக்கரியைச் சுமார் 900 டிகிரியில் நீராவி கொடுத்து, அழுக்கை ஈர்த்துப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் ஆக்குகிறார்கள். ஒரு கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் அளவுக்கு மேற்பரப்பு வரும். அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறைவு. நானோ என்ற பேச்சு வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கரி சந்தையில் இருந்தது.

எங்கே படிக்கலாம்?

பி.டெக். கெமிக்கல் படிக்க கோவை சி.ஐ.டி., பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி, எட்டிமடை அமிர்தா ஆகியவை நம் பகுதியிலேயே இருக்கின்றன. சென்னையில் 1944-இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி (ஏ.சி. டெக்), திருச்சியில் என்.ஐ.டி. நானோ பக்கம் போவதென்றால் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் தனித் துறைகள் உண்டு. மின்வேதியியல், பேட்டரி என்று ஆசை இருந்தால் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான செக்ரி. கோவையில் 1956-இல் தொடங்கிய சிட்ரா ஜவுளி ஆராய்ச்சிக்கானது. துணி சார்ந்த தலைப்பு எடுப்பவர்கள் அதன் கதவைக் கட்டாயம் தட்ட வேண்டும்.

ஆராய்ச்சி படிக்கும்போது சோத்துக்கு என்னங்க வழி? இன்னும் அஞ்சு வருஷம் நாங்கதான் பணம் அனுப்பணுமா?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. அவர்கள் கேட்பது நியாயம்தான், கூச்சப்படாமல் கேளுங்கள்.

பொறியியல் மேற்படிப்புக்கான தேசியத் தேர்வான கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். பிஎச்.டி.க்கு ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, அதன் பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை இதைவிட அதிகம். அதற்குப் போட்டி கடுமை. ஒரு பேராசிரியரின் திட்டத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்து அந்தச் சம்பளத்தில் பிஎச்.டி. முடித்தவர்களும் நிறையப் பேர்.

ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே கேட் தேர்வுக்கு உட்காருங்கள். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். கேட் எழுதாமல், உதவித்தொகை இல்லாமல், சொந்தப் பணத்தில் முழுநேர பிஎச்.டி. சேர்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வீட்டில் பணம் இருந்தாலும் சொல்வதில்லை. உதவித்தொகை இல்லாத ஆராய்ச்சியாளருக்கு லேபில் நேரமும் ரசாயனமும் கடைசியாகத்தான் கிடைக்கின்றன. இதைப் பல வருடமாகப் பார்த்துவிட்டேன்.

கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்வது வேறு கணக்கு. சம்பளம் வரும், நேரம் வராது. நான் அப்படித்தான் முடித்தேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதியதுதான் என் ஆய்வேட்டில் பாதி.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அவர் எத்தனை கட்டுரை போட்டிருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன் அவருடைய பழைய மாணவர்கள் மூன்று பேரிடம் பேசுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இடையில் விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர், சோதனை தோற்றபோது வழிகாட்டி என்ன சொன்னார் என்று கேளுங்கள். இந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். தோற்ற சோதனையின் நோட்டையும் வாங்கிப் பார்க்கிற வழிகாட்டி கிடைத்தால் ஊர் தூரமாக இருந்தாலும் போய்ச் சேருங்கள்.

என்ன தலைப்பு எடுக்கலாம்? "நானோ வைத்துச் சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்தல்" எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் எப்படி எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு மிகவும் மனக்குறை உள்ள இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மெத்திலீன் புளூ என்று ஒரு நீலச் சாயம். அதைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, புதிதாகச் செய்த நானோ துகளைப் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் நிறம் போகும். படம் அழகாக வரும், கட்டுரையும் வந்துவிடும். முன்னுரையில் நொய்யல் ஆறு, திருப்பூர் என்று இரண்டு வரி இருக்கும். அந்தக் கட்டுரைக்கும் நொய்யலுக்கும் தொடர்பு அந்த இரண்டு வரிதான்.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பருத்திக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது எதிர்மின் தன்மை கொண்டது, மெத்திலீன் புளூ நேர்மின் தன்மை கொண்டது. ஒன்றைப் பிடிக்கும் கரி மற்றொன்றைத் தள்ளிவிடலாம். தண்ணீரில் பருத்தி நூலுக்கும் எதிர்மின் தன்மைதான் என்பதால், சாயம் நூலை நெருங்குவதற்காகவே உப்பைக் கொட்டுகிறார்கள். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போகும். அது போதாதென்று காரத்துக்குச் சோடா. அந்தத் தண்ணீரில் வெளிச்சம் உள்ளே இறங்காது. இந்த வேலைக்கு வழக்கமாக எடுக்கும் நானோ துகளான டைட்டானியம் டை ஆக்சைடு ஒளியில் உண்டாக்கும் வீரியமான ஹைட்ராக்சில் துகள்களைக் குளோரைடும் கார்பனேட்டும் வழியிலேயே விழுங்கிவிடும்.

ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் டைட்டானியம் டை ஆக்சைடும் ஒளியும் கொண்டு தண்ணீரைப் பிரித்துக் காட்டியது பெரிய சாதனை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பொருள் வேலை செய்யப் புற ஊதாக் கதிர் வேண்டும். நம் தலைமேல் கொளுத்தும் வெயிலில் அது சுமார் 5 சதவீதம்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம், நொய்யலின் நோய் நிறம் மட்டும் கிடையாது, உப்பு. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணைக்குக் கீழே தென்னை காய்ந்த தோட்டங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு ஊரே மாறியது. முதலில் நுண்ணுயிரிகளைக் கொண்டு சுத்திகரிப்பு, பிறகு ஆர்.ஓ., அதில் மிஞ்சும் உப்புநீரைத் திரும்பச் சாயமேற்றவோ எவாப்பரேட்டருக்கோ அனுப்புவது என்று அது போகிறது. கடைசியில் பிரிக்க முடியாத கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் சேர்கின்றன. ஆவியாக்கும் செலவும் இந்த மூட்டைகளும்தான் இன்றைய பிரச்சினை. உப்பு குறைவாகக் கேட்கும் சாயமுறை, ஆர்.ஓ.வில் அடைத்துக்கொள்ளாத வடிகட்டும் சவ்வு, கலப்பு உப்பைப் பிரிக்கும் வழி. நானோ பொருளுக்கு இந்த மூன்றிலும் வேலை இருக்கிறது.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் நானோ துகள் தேவை என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. ஒரு பட்டறை நாளைக்கு 1 லட்சம் லிட்டர் கழிவுநீர் விடுவதாக வைத்துக்கொள்வோம். தினமும் 100 கிலோ துகள் வேண்டும். லேபில் ஆட்டோகிளேவ் என்ற மூடிய அழுத்தக் கலத்தை ராத்திரி முழுக்க ஓவனில் வைத்து எடுத்தால் கிடைப்பது 2 கிராம். அப்படி ஒரே நாளில் 50,000 முறை வைத்து எடுக்க வேண்டும். வேதியியல் துறைக்காரர் இந்தக் கணக்கைப் போடாவிட்டால் பரவாயில்லை. நாம் போடாவிட்டால் நமக்கு எதற்கு இன்ஜினியர் என்று பெயர்?

இந்தக் கணக்கைத் தாண்டி வந்தவர்களும் இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் அவர்களின் குழு தண்ணீரிலிருந்து பூச்சிமருந்தையும் ஆர்செனிக்கையும் நீக்க நானோ பொருட்களை உருவாக்கி, கிராமங்களில் குடிநீர் தரும் அளவுக்குக் கொண்டு போனது. மலிவான இரும்புச் சேர்மம், சாதாரண வெப்பநிலையில் தயாரிப்பு. விலை குறைந்ததால்தான் அது கிராமம் வரை போய்ச் சேர்ந்தது.

எங்கள் கல்லூரியில் டி.இ.எம். (நானோ துகளைப் பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) கருவி இல்லை. ஆராய்ச்சி செய்ய முடியுமா?

முடியும். எங்களிடமும் இல்லை. மாதிரியை அந்தக் கருவி உள்ள வெளி மையங்களுக்குக் கட்டணம் கட்டி அனுப்புகிறோம். வரிசையில் காத்திருக்க வேண்டும், அதற்கேற்ப வேலையைத் திட்டமிட வேண்டும். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, யூ.வி. ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்து, எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனில் படிகத்தின் அளவைக் கணக்கிட்டு, மூன்று முறை ஒரே மாதிரி வந்த பிறகுதான் விலை கூடிய கருவிக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு முறை வந்த முடிவு மறுமுறை வரவில்லை. என்ன செய்வது?

முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

நான் பிஎச்.டி. செய்யும்போது வெள்ளி நானோ துகள் தயாரித்தேன். மார்ச் வரைக்கும் கரைசல் நல்ல மஞ்சளாக வந்தது. ஏப்ரலில் பால் போலக் கலங்கி, வெளிச்சம் பட்டதும் கறுத்தது. ரசாயனத்தை மாற்றினேன், சூட்டை மாற்றினேன், கலக்கும் வேகத்தை மாற்றினேன். இரண்டு மாதம் போனது. பிறகுதான் தெரிந்தது, கோடையில் குழாய்த் தண்ணீர் நின்று, குடுவை கழுவ போர் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் குளோரைடு அதிகம். குடுவைச் சுவரில் காய்ந்து ஒட்டிய உப்பே போதுமானதாக இருந்தது, வெள்ளி குளோரைடாகிவிட்டது.

அந்தக் காரணத்தை நான் கண்டுபிடிப்பதற்கு உதவியது என் லேப் நோட்டு. "இன்று குழாயில் தண்ணீர் வரவில்லை" என்று ஒரு நாள் சும்மா எழுதி வைத்திருந்தேன். அதனால் என் மாணவர்கள் நோட்டில் வானிலை முதல் கரண்ட் போன நேரம் வரை எழுதியாக வேண்டும்.

எத்தனை கட்டுரை வேண்டும்?

யு.ஜி.சி.யின் 2022 விதிகளில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தம் விதியாக வைத்துக்கொள்ளலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு என்பது பொது வரம்பு.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போட்டுத் தருகிறோம் என்று மின்னஞ்சல் வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள். கடன் வாங்கிக் கட்டிய மாணவரை எனக்குத் தெரியும். அந்த இதழ் பின்னாளில் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, அவருடைய இரண்டு வருட உழைப்பை எந்த நேர்காணலிலும் காட்ட முடியவில்லை. ஒரு படத்தைத் திருப்பி வைத்து வேறு மாதிரியின் படம் என்று போடுவதும் நடக்கிறது. இதைச் செய்யச் சொல்லும் வழிகாட்டி யாராக இருந்தாலும் அவரை விட்டு வெளியே வாருங்கள். ஒரு வருடம் போனால் போகட்டும்.

நானோ துகளால் உடம்புக்கு ஆபத்தா?

உலர்ந்த பொடியாக மூச்சில் போனால் ஆபத்து. துணி மாஸ்க் போதாது. எடை போடுவது, கொட்டுவது எல்லாம் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள். முடிந்தவரை ஈரமாகவே கையாளுங்கள். வெள்ளி, கேட்மியம் கலந்த கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், தனிக் கேனில் சேருங்கள். நொய்யலைப் பற்றி எழுதிக்கொண்டே நாமும் சாக்கடையில் ஊற்றினால் எப்படி?

பெண் பிள்ளை. பிஎச்.டி. முடிப்பதற்குள் வயசு போயிடும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

என்னிடம் ஆராய்ச்சி செய்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். நோட்டு எழுதுவதில், பொறுமையில் அவர்களை நான் முன்னே வைப்பேன். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு வந்து முடித்தவர்களும் உண்டு. பெண் ஆராய்ச்சியாளர்களுக்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் படிப்பைப் பற்றி நிச்சயத்துக்கு முன்பே தெளிவாகப் பேசிவிடுங்கள். அப்பா அம்மாவாக நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

முடித்த பிறகு வேலை? சம்பளம்?

அரசு நிறுவனங்களில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், படிகள் தனி. இடங்கள் குறைவு, விளம்பரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தனியார் கல்லூரிகளில் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். மாணவர் சேர்க்கை குறைந்தால் சம்பளமும் தள்ளிப்போகும். நான் முதலில் சேர்ந்த கல்லூரி என் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டது. வேறு நல்ல வாய்ப்பு வந்தபோது அவற்றைத் திரும்ப வாங்க ஐந்து மாதம் அலைந்தேன், அதற்குள் அந்த வாய்ப்பு போய்விட்டது. நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

கற்பித்தலில் ஆசை இல்லாதவர்கள் ஆசிரியர் வேலைக்கு வர வேண்டாம் என்பது என் கருத்து. வாரத்தில் பெரும்பகுதி வகுப்பு, லேப், விடைத்தாள், ஆவணங்கள் என்று போகும். ஆராய்ச்சிக்கு மிஞ்சுவது மாலையும் சனிக்கிழமையும். சவ்வு, கரி, காகிதம், சிமெண்ட், பேட்டரி என்று தொழிற்சாலைகளின் ஆராய்ச்சிப் பிரிவுகளும் பிஎச்.டி. முடித்தவர்களை எடுக்கின்றன. வெளிநாட்டில் இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி வருவதும் நல்ல வழி.

தமிழ் வழியில் படித்தவன். சமாளிப்பேனா?

நானும் தமிழ் வழிதான். முதல் செமஸ்டர் கஷ்டமாக இருக்கும். கணக்கு நன்றாக வந்தால் மொழி பின்னாலேயே வந்துவிடும்.

லேபை நேரில் பார்க்கலாமா?

தாராளமாக. சனிக்கிழமை காலையில் துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டு வாருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு லிட்டர், சுத்தமான பாட்டிலில், எந்த ஊர், எத்தனை அடி ஆழம், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி ஒட்டிக் கொண்டு வாருங்கள். சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டு, அது எவ்வளவு கலங்குகிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.